மூன்று பேர் ஊற்றிய தண்ணீர்

அக்காவின் ஆர்க்கிட் செடிக்கு ஒரே வீட்டில் மூன்று பேர் தனித்தனியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தோம் என்பது, அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்ப இரண்டு நாள் இருக்கும்போதுதான் தெரிந்தது. அதுவும் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. நாற்றத்தால் தெரிந்தது.

வியாழக்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் வழக்கம்போல ஒரு டம்ளர் தண்ணீரோடு ஹால் ஜன்னலுக்குப் போனேன். ஒரு வாரமாகவே இலைகள் துவண்டு, சுருங்கிக் கிடந்தன. தாகம் போலிருக்கிறது என்று அரை டம்ளரை ஒரு டம்ளராக ஆக்கியிருந்தேன். அன்று ஊற்றிய தண்ணீர் கீழே இறங்காமல் விளிம்பிலேயே நின்றது. வெளியே இருப்பது அழகுக்கு வைத்த பீங்கான் தொட்டி. அதற்குள் ஒரு சின்னப் பிளாஸ்டிக் தொட்டியில்தான் செடி இருக்கிறது. பிளாஸ்டிக்கைத் தூக்கிப் பார்த்தேன். பீங்கானுக்குள் நாலு விரல் உயரத்துக்குப் பழுப்புத் தண்ணீர். அடியில் ஓட்டையே இல்லை. பத்து நாள் மாற்றாத பூ ஜாடியில் வருமே, அந்த வாடை குப்பென்று அடித்தது.

"யாரு இதுக்குத் தண்ணி ஊத்தினது?" என்று கத்தினேன். கையில் டம்ளரை வைத்துக்கொண்டு கேட்கிறோமே என்று அப்போது தோன்றவில்லை.

மாமா ஒரு கன்னத்தில் ஷேவிங் நுரையோடு வந்தார். அக்காவின் கணவர். டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுக்கிறார். இருபது வருடமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஒரு காலைத் தனி பிரேக்கின் மேல் வைத்தே பழகியவர். வீட்டில் சோபாவில் உட்கார்ந்தாலும் யாராவது சத்தமாகப் பேசினால் அந்தக் கால் தரையை அழுத்தும்.

"சாயங்காலம் நான் கொஞ்சம் ஊத்துவேன்" என்றார். "நீ வேலை டென்ஷன்ல மறந்துடுவியேன்னு."

"மத்தியானம் காலேஜ் விட்டு வந்ததும் நானும் ஊத்துவேன்" என்றாள் அக்கா மகள், காலேஜ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே. "அப்பா மறந்துடுவாருன்னு. சித்தி, அம்மா என்னைத் தனியா கூப்பிட்டுச் சொன்னாங்க. மத்த ரெண்டு பேரையும் நம்ப முடியாது, நீ பாத்துக்கோன்னு."

மாமா திருதிருவென்று விழித்தார். அதையேதான் அவரிடமும் சொல்லியிருக்கிறாள். என்னிடமும் சொன்னாள். ஆஸ்பத்திரிக்குப் போன அன்று காலையில் மூன்று பேரையும் ஒவ்வொருவராகச் சமையலறைக்குக் கூப்பிட்டு, மூன்று பேரிடமும் ஒரே நம்பிக்கையை ஒப்படைத்திருக்கிறாள். எங்கள் குடும்பத்தில் எல்லாமே இப்படித்தான். ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாது. கேட்டால், மனசு கஷ்டப்படுமே என்பார்கள்.

"எவ்வளவு ஊத்தணும்னு யார்கிட்டயாவது சொன்னாளா?"

மாமா நுரையைத் துடைத்தார். "பத்து நாளைக்கு ஒரு தடவைதான்னு சொன்னா. எனக்குத்தான் மனசு கேக்கல."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் தொட்டியை அவர் தலையிலேயே கவிழ்த்திருப்பேன். ஆனால் ஆத்திரம் செடிக்காக மட்டும் இல்லை. 'மனசு கேக்கல' என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் இருபது நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதைச் சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கு வயிற்றில் ஆபரேஷன். கட்டியை எடுப்பதாகத்தான் பேச்சு. திறந்து பார்த்துவிட்டு, எடுக்க முடிந்ததை மட்டும் எடுத்துத் தைத்துவிட்டார்கள். மாமாவையும் என்னையும் டாக்டர் ஒரு சின்ன அறைக்குக் கூப்பிட்டார். மேஜையின் மேல் டிஷ்யூ பெட்டி தயாராக இருந்தது. பரவியிருக்கிறது, மருந்தால் கொஞ்ச காலம் பிடித்து வைக்கலாம் என்றார். எவ்வளவு காலம் என்று நான்தான் கேட்டேன். ஒரு வருஷம், நன்றாக ஒத்துழைத்தால் ஒன்றரை என்றார். பிறகு, நோயாளியிடம் நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா என்று கேட்டார். நாங்களே சொல்லிக்கொள்கிறோம் என்று மாமா முந்திக்கொண்டார்.

கார் நிறுத்துமிடத்துக்கு வந்ததும் மாமா பழக்க தோஷத்தில் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார். நான் பின்னால் உட்கார்ந்தேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஓட்டுகிற இடத்தில் யாருமே இல்லாமல் அரை மணி நேரம் அப்படியே இருந்தோம்.

"இப்ப சொல்ல வேண்டாம்" என்றார். "வீட்டுக்கு வரட்டும். கொஞ்சம் தேறட்டும். எனக்கு மனசு கேக்கல."

நானும் சரி என்றேன். அவர் மேல் மட்டும் பழியைப் போட மாட்டேன். எல்லாத்தையும் எடுத்துட்டாங்க என்று அக்காவிடம் போய்ச் சொன்னது நான்தான். அந்த மாதிரிச் சொல்வதுதான் என் பிழைப்பே.

நான் ஒரு லிஃப்ட் கம்பெனியில் புகார் பிரிவில் இருக்கிறேன். லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால், உள்ளே இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் என் ஹெட்ஃபோனில் பேசலாம். எங்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பது ஒரு வாக்கியம்: ஆள் கிளம்பிட்டாங்க. கிளம்பியிருக்கவே மாட்டார்கள். மெக்கானிக் வேறொரு கட்டடத்தில் கேபிளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். ஆனாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும். எவ்வளவு நேரம் ஆகும் என்று மட்டும் சொல்லவே கூடாது, சொன்னால் பதறுவார்கள் என்பது எங்கள் மேனேஜரின் சித்தாந்தம். வீட்டில் வள்ளென்று விழுகிற நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் குரலில் தேன் வடியும்.

போன வருடம் ஒருவர் மாட்டிக்கொண்டார். நாலு தடவை ஆள் கிளம்பிட்டாங்க என்று சொல்லியிருந்தேன். ஐந்தாவது தடவை அவர் மெதுவாகப் பேசினார். "அம்மா, நான் கோவப்படல. எவ்வளவு நேரம்னு சொல்லுங்க, போதும். ஒரு மணி நேரம்னா கீழ உக்காந்துக்குவேன். இதோ வந்துடுவாங்க, இதோ வந்துடுவாங்கன்னு நீங்க சொல்றதாலதான் நின்னுக்கிட்டே இருக்கேன், காலு கடுக்குது." அதை வீட்டில் வந்து நடித்துக் காட்டினேன். மாமாவும் மகளும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அந்தாளுக்குச் சொல்லியிருக்கலாமேடி என்றாள்.

அக்கா தையல் தொழிற்சாலையில் கட்டிங் மாஸ்டர். துணி எண்பது மடிப்பு அடுக்கியிருக்கும். அவள் சாக்பீஸ் கோடு போட்டு மெஷினை ஓட்டினால் எண்பது சட்டைக்கும் ஒரே அளவு. ஒரு நூல் இப்படி அப்படி ஆனால் எண்பதும் வீண். அதனால் அவளுக்குக் கண்ணும் கூர்மை, வாயும் கூர்மை. இந்தச் செடியும் அங்கிருந்து வந்ததுதான். யாரோ வெளியூர் வியாபாரிகள் வந்தபோது வரவேற்பு மேஜையில் வைத்திருந்தார்கள். பூ உதிர்ந்ததும் குப்பைக்கூடைக்குப் போனது. அக்கா அதைச் சாப்பாட்டுப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். பூ கொட்டிடுச்சுன்னா செத்துடுச்சுன்னு அர்த்தமா என்று அன்றைக்கு முழுக்கத் திட்டிக்கொண்டே இருந்தாள். அதன் பிறகு அது இரண்டு தடவை பூத்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து தினமும் போன் செய்வாள். முதல் கேள்வி செடி எப்படி இருக்கு. நல்லா இருக்கு என்று மூவரும் மாற்றி மாற்றிச் சொன்னோம். நேரில் பார்க்கப் போனால் கட்டிலில் இருக்கவே மாட்டாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். தையல் பிரிஞ்சுடப் போகுது, படுத்துக்கோக்கா என்று நான் கத்துவேன். நர்ஸும் கத்துவாள். டாக்டர் என்ன சொன்னார் என்று ஒரு தடவை கேட்டாள். எல்லாத்தையும் எடுத்துட்டாங்கன்னு சொன்னேனே என்றேன். சரி என்றாள். மறுபடி கேட்கவில்லை. நின்றுகொண்டே இருந்தாள்.

இப்போது வியாழக்கிழமைக்கு வருகிறேன். சனிக்கிழமை காலை அவளை அனுப்புகிறார்கள். செடி இந்த லட்சணத்தில் இருக்கிறது.

"புதுசு ஒண்ணு வாங்கி வெச்சுடலாம்" என்றார் மாமா. "அதே வெள்ளை, நடுவுல ஊதா. அவளுக்கு என்ன தெரியப்போகுது?"

அக்கா மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளிடமும் நாங்கள் எதையும் சொல்லியிருக்கவில்லை. "அம்மாவுக்கா தெரியாது?" என்று மட்டும் கேட்டுவிட்டு காலேஜுக்குப் போய்விட்டாள்.

எனக்கும் அது மடத்தனம் என்று தெரியும். ஆனாலும் ஒத்துக்கொண்டேன். ஒன்றைப் பூசி மெழுக ஆரம்பித்தால் அடுத்தடுத்துப் பூசிக்கொண்டே போக வேண்டியதுதான். மாமா வெள்ளிக்கிழமை நாலு கடை ஏறி இறங்கி ஒன்றை வாங்கி வந்தார். பழையதைப் பின்பக்க பால்கனியில், வாளிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். புதுச் செடி பீங்கான் தொட்டியில் பளபளவென்று உட்கார்ந்தது.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு அக்கா வந்தாள். மிகவும் இளைத்திருந்தாள். செருப்பைக் கழற்றினாள், நேராக ஜன்னலுக்குப் போனாள். மாமாவின் வலது கால் தரையை அழுத்தியது.

அவள் ஒரு இலையைத் தூக்கிப் பார்த்தாள். அடுத்ததைத் தூக்கிப் பார்த்தாள்.

"என் செடிக்கு மூணாவது இலையில ஒரு வெட்டு இருக்கும்" என்றாள். "என் கத்திரி பட்டது. அது எங்க?"

மாமா தொண்டையைச் செருமி, மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு மெடிக்கல் ஷாப்புக்குக் கிளம்பிவிட்டார். எப்பேர்ப்பட்ட வீரர். மகள் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மிச்சம் நான்தான்.

"கொண்டா" என்றாள் அக்கா. "கத்திரியும் கொண்டா. சின்னது இல்ல, என்னோடது."

படுத்துக்கொள் என்றேன், சாயங்காலம் பார்க்கலாம் என்றேன். காதிலேயே வாங்கவில்லை. சமையலறை மேடையருகே வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். ஸ்டூலை இழுத்துப் போட்டேன். தள்ளிவிட்டாள். நான் பால்கனியிலிருந்து செடியை எடுத்து வந்தேன். அந்த வாடை அவளுக்கு முன்னால் வரும்போது எனக்கு வெட்கமாக இருந்தது.

"எத்தனை பேரு ஊத்தினீங்க?"

"மூணு பேரும்."

"ம்" என்றாள். "என் தப்புதான். ஒருத்தர்கிட்ட சொல்லியிருக்கணும்."

அவள் கை நடுங்கியது. அதனால் வெட்டுகிற வேலை என்னிடம் வந்தது. கத்திரியை அடுப்பு நெருப்பில் காட்டி ஆறவைக்கச் சொன்னாள். பிளாஸ்டிக் தொட்டியை நசுக்கி நசுக்கிச் செடியை உருவினேன். மண்ணுக்குப் பதிலாக வேரைச் சுற்றி வைத்திருந்த பாசி ஊறிக் கூழாகிப்போயிருந்தது. குழாயடியில் பிடித்து அதைக் கழுவினேன். வேர்கள் தெரிந்தன. பெரும்பாலும் பழுப்பு. ஒன்றைத் தொட்டதும் மேல்தோல் உறை மாதிரி கழன்று என் விரலோடு வந்துவிட்டது, உள்ளே ஒரு நூல் மட்டும் தொங்கியது.

"ஒவ்வொண்ணா அமுக்கிப் பாரு. கெட்டியா இருந்தா விடு. கொழகொழன்னு இருந்தா வெட்டு."

வெட்டினேன். இரண்டு, மூன்று, ஐந்து. சிங்க்கில் பழுப்பாக விழுந்துகொண்டே இருந்தது. ஒரு வேர் மேலே பச்சையாகவும் கீழே பழுப்பாகவும் இருந்தது. அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

"அத ஏன் விட்ட?"

"பாதி நல்லாத்தானே இருக்கு."

"பாதியை விட்டா மீதியும் போயிடும். எது வரைக்கும் கெட்டிருக்குன்னு பாரு, அதுக்கு ஒரு விரல் மேல வெட்டு. பாக்காம கண்ணை மூடிக்கிட்டா எப்படி?"

வெட்டினேன். முடித்தபோது எல்லா வேரையும் சேர்த்துப் பிடித்தாலும் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குக்கூட மிஞ்சவில்லை. வெட்டிய இடங்களில் இலவங்கப்பட்டைத் தூளை விரலால் தொட்டு வைக்கச் சொன்னாள். அழுகல் ஏறாதாம். அடியில் ஏழெட்டு ஓட்டை போட்ட சின்னத் தொட்டி ஒன்று அவளுடைய அலமாரியில் இருந்தது. மரப்பட்டைத் துண்டுகள் ஒரு பையில் இருந்தன. பழைய மண்ணோ பாசியோ வேண்டாம், காற்று போகிற மாதிரி இந்தத் துண்டுகள் மட்டும் போதும் என்றாள். செடி நிற்கவில்லை, சாய்ந்து சாய்ந்து விழுந்தது. பிடித்து நிறுத்த வேரே இல்லையே. ஒரு குச்சியை ஊன்றி, அவளே நூலால் கட்டினாள். அந்த முடிச்சுப் போடும்போது மட்டும் அவள் கை நடுங்கவில்லை.

"எத்தனை மிச்சம்?" என்று கேட்டாள்.

"மூணு. ஒண்ணு ரொம்பச் சின்னது."

"பொழைக்குமா?"

"தெரியல" என்றேன். "பொழைக்கலாம். பொழைக்காமலும் போகலாம்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இவ்வளவு ஒழுங்கா உண்மையைச் சொல்லத் தெரியுதே உனக்கு" என்றாள். "அப்ப என்னோடதையும் சொல்லு."

"என்னக்கா?"

"டாக்டர் என்ன சொன்னார்?"

"அதான் சொன்னேனேக்கா, எல்லாத்தையும்..."

"ஆள் கிளம்பிட்டாங்க" என்றாள் அக்கா, என் ஆபீஸ் குரலிலேயே. அந்தத் தேன் வடிகிற குரலில். "போதும்டி. நான் எத்தனையாவது மாடியில மாட்டிக்கிட்டு இருக்கேன்னு சொல்லு."

என் கையெல்லாம் இலவங்கப்பட்டைத் தூள். முகத்தை மூட முடியவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டேதான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். திறந்தது, முழுதாக எடுக்க முடியாதது, பரவியிருப்பது, மருந்து. குரல் உடைந்து உடைந்து வந்தது. எனக்கு அவ்வளவு பயமாக இருந்தது, சொன்னவுடனே அவள் என் கண் முன்னாலேயே விழுந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"எவ்வளவு நாள்?"

சிவப்புப் பொத்தானை அழுத்தியவர்கள் எல்லோரும் கேட்ட கேள்வி. பத்து வருடத்தில் ஒருவருக்கும் நான் பதில் சொன்னதில்லை.

"ஒரு வருஷம்" என்றேன். "நல்லா ஒத்துழைச்சா ஒன்றரை."

அக்கா சிங்க்கில் கிடந்த வேர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. எட்டிக் கையை நீட்டி அதை இறுக்கி மூடினாள். பிறகு காலால் ஸ்டூலை அருகே இழுத்தாள். ஒரு கையை மேடையில் ஊன்றி, மற்றதால் வயிற்றைப் பிடித்து, மெதுவாக, மிக மெதுவாக உட்கார்ந்தாள். முதுகை மேடையில் சாய்த்துக் கண்ணை மூடினாள்.

"இருபத்து மூணு நாளா நின்னுக்கிட்டே இருக்கேன்டி" என்றாள்.

நான் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்து அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவள் அழவில்லையா என்றால், அழுதாள். சத்தமில்லாமல், என் தலையில் கையை வைத்துக்கொண்டு. அந்தக் கை கனமாக இருந்தது.

"உங்க மாமாவுக்குத் தெரியும்" என்றாள் பிறகு. "பொண்ணுக்கு?"

"சொல்லல."

"அவ காதுல விழாமலா இருக்கும்? பாவம், அவளும் தனியா ஒரு மூலையில வெச்சுக்கிட்டு இருப்பா." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "ஒரு பேப்பர் எடு. எட்டு நாளைக்கு யாரும் தண்ணி ஊத்தக் கூடாதுன்னு எழுது. அதுக்கப்புறம் ஒரே ஒருத்தர்தான். அவ பேரை எழுது."

"அவ ஊத்தினதும்தானே அழுகிச்சு."

"உன்னைவிட அவ பரவாயில்ல. நீ டம்ளரைக் கையில வெச்சுக்கிட்டே யார் ஊத்தினதுன்னு கேட்டியாமே."

அதை அவள் எப்போது, யார் மூலம் தெரிந்துகொண்டாள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. எழுதித் தொட்டியில் ஒட்டினேன்.

வெளியே கதவு திறந்தது. மாமா மருந்துப் பையோடு சமையலறை வாசலில் வந்து நின்றார். சிங்க்கைப் பார்த்தார். தரையில் என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. வலது கால் தரையை அழுத்து அழுத்து என்று அழுத்தியது. பின்னாலேயே மகளும் வந்து அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அக்கா மேடைக்கு அடியில் கிடந்த இன்னும் இரண்டு ஸ்டூல்களைக் காலால் வெளியே தள்ளினாள்.

"ரெண்டு பேரும் உக்காருங்க" என்றாள்.